டெலனி துரையின் மனைவி

ஹவுகன்ஸ்டுவா,
ஒஸ்லோ.
14.09.2003

அன்புள்ள ஹம்சா அப்பாவுக்கு,

தங்கேஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் பிள்ளையார் காவலில் குறையில்லாமல் இருக்கிறோம். உங்களுடைய முழங்கால் நோவு ஊரில், பளை வெயிலில் எப்படி இருக்கிறது என்று அறியாமல் மனம் ஆறவில்லை. போனில் கேட்டால் லைன் சரியில்லை என்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை சண்முகலிங்கம் அண்ணர் ஊரால் வந்த கையோடு, நீங்கள் கொடுத்துவிட்ட தகரப் பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "அண்ணைக்கு அங்கை ஒரு குறையும் இல்லை" என்று தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துச் சொன்னார். வந்தால் இரண்டு மணித்தியாலம் பேச்சுவார்த்தை, யுத்தநிறுத்தம் என்று கதைத்துத் தலையிடி தருகிற மனிதர், பத்து நிமிடத்தில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினார். அவர் துப்புரவு செய்கிற பாடசாலை ஞாயிறில் பூட்டு. அதன் திறப்பே எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

உங்கள் கடிதம் பெட்டிக்குள் இருந்தது. சித்திரையில் கயிற்றுத் தொழிற்சாலை திறக்கப் போவதாகவும், அதற்கு ஒரு சிறப்பு மலர் அடிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பழைய பங்களாவோடு எடுத்திருக்கிற அந்தத் தென்னந்தோட்டத்தை முதன்முதல் உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரையின் வரலாறு இரண்டு பக்கத்தில் வேண்டும், பெட்டியிலுள்ள இங்கிலீசுக் கடிதங்களை ஹம்சா வாசித்துச் சொல்ல நான் தமிழில் எழுத வேண்டும் என்கிறீர்கள். அதோடு "துணைவியாரின் வாழ்த்துச் செய்தி" என்று என் படத்தோடு ஒரு பக்கம். ஊரில் பத்து வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு ஒஸ்லோவில் பதினைந்து வருடம் வாளியும் துடைப்பமும் தந்தீர்கள். இப்போதாவது என் தமிழுக்கு ஒரு வேலை வந்ததே.

பெட்டியை உங்களுக்குத் தந்த பத்மநாதன் மாஸ்டர் அதன் கதையை ஒரு கொப்பியில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் அந்தத் துரையிடம் கிளாக்கராக இருந்தவராம். துரை செத்த பிறகு பெட்டி இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. இங்கிலீசு எழுத்து, மேலே ராணியின் தலை போட்ட முத்திரை. காணி உறுதிப் பத்திரம் என்றே மூன்று தலைமுறையும் நம்பியிருக்கிறது. தொண்ணூற்றைந்தில் எல்லாரும் ஓடியபோது நகையைக் கூட மறந்துவிட்டு இந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினார்களாம். இரண்டாயிரத்தில் பளையில் ஷெல் விழுந்தபோதும் அப்படியே. ஹம்சா ஒரு கட்டை அவிழ்த்து முதல் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது உறுதி இல்லை. ஒரு மனுசி புருசனுக்கு எழுதினது" என்றாள்.

மொத்தம் ஐம்பத்திரண்டு கடிதங்கள். எழுதியவள் பெயர் ஹொனோரா. அயர்லாந்தில் கோர்க் என்ற இடம். துரையின் பெயர் கோர்னீலியஸ் டெலனி. 1869இல், கல்யாணம் முடித்து ஐந்தாம் மாதம், மூன்று வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிக் கப்பல் ஏறியிருக்கிறார். அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது உருளைக்கிழங்கு அழுகி நாடு முழுவதும் பஞ்சம். வாடகை கட்ட முடியாத தகப்பனின் குடிசைக் கூரையைக் காணிக்கார ஆங்கிலேயன் பிடுங்கி எறிந்தானாம். அந்தப் பிள்ளைதான் அதே ஆங்கிலேயர் ஆண்ட நாட்டுக்கு வந்து, கண்டிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. அகதியாகப் போய்ப் போன இடத்தில் ஆளாவது எங்களுக்கு விளங்காத கதை இல்லை. வாசிக்கும்போது எனக்கு அந்த மனிதரில் ஒரு பற்று வந்தது.

எங்கள் துப்புரவுக் கம்பெனி வேலை ஓடுகிறது. மேரியம்மாவும் நானும் விடிய நாலரைக்கு வான் எடுக்கிறோம். குளிர்கால டயர் மாற்ற வேண்டும், அதை நீங்கள்தான் செய்வீர்கள். உங்கள் மகன் நிலன் பேர்கனில் இருந்து வந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னான், ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. மூன்று மாதம் என்று போனவர், போன வைகாசியோடு ஒரு வருடமும் கடந்துவிட்டது. போங்கோ என்று பெட்டி அடுக்கித் தந்தவள் நான்தான். அதனால் குறை சொல்ல வாய் வரவில்லை.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கேஸ்வரி


ஹவுகன்ஸ்டுவா,
23.11.2003

அன்புள்ள ஹம்சா அப்பாவுக்கு,

இங்கே பனி விழுந்துவிட்டது. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கக் கடிதத்தில் கிணறு, கூரை, தும்பு அடிக்கிற மெஷின், ஜெனிதா. போன கடிதத்திலும் ஜெனிதா. வேலையாட்களை மேற்பார்வை பார்க்கிற பிள்ளை, யுத்தத்தில் புருசனைப் பறிகொடுத்தது, கெட்டிக்காரி என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. எனக்குப் பதினைந்து வருடத்தில் ஒரு தரம்கூட அந்தப் பட்டம் தரவில்லை என்பது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

துரையின் வரலாற்றில் முக்கால்வாசி எழுதிவிட்டேன். உங்கள் மலருக்கு உகந்த விஷயம் நிறைய இருக்கிறது. காப்பிச் செடிக்கு நோய் வந்து தோட்டங்கள் அழிந்தபோது மற்ற வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். டெலனி வடக்கே வந்தார். பளையில் காடு வெட்டி நானூறு ஏக்கர் தென்னை வைத்தார். தேங்காயை மட்டும் நம்பாமல் கயிற்றுக் களம் போட்டார். மட்டையைக் கடனீரேரியில் ஊறப்போட்டு அடிக்க அறுபது பெண்கள். கயிறு கட்டுக்கட்டாகக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போனது. முயற்சி திருவினையாக்கும் என்று தலைப்புப் போட்டால் பொருந்தும், போடுங்கள்.

ஆனால் இதெல்லாம் அவர் பெருமையாக எழுதியதற்கு அவள் எழுதிய பதிலில் இருந்துதான் எங்களுக்குத் தெரிகிறது. காடு வெட்டியபோது அங்கே இருந்த குடிசைகளின் கூரையை ஒரே நாளில் இறக்கியதை அவர் சாதனை போல எழுதியிருக்க வேண்டும். அதற்கு ஹொனோரா, உங்கள் அப்பாவின் கூரையைப் பிடுங்கியவன் பெயரை நீங்கள் நித்திரையிலும் சொல்வீர்களே, அந்த ஊர்ப் பிள்ளைகள் இனி உங்கள் பெயரைச் சொல்லுமா என்று கேட்டிருக்கிறாள். ஹம்சா அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பங்களாச் சுவரோடு கொட்டில் போட்டிருந்த எட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு "வேறு இடம் காட்டிவிட்டோம்" என்று நீங்கள் எழுதியதை அவளும் வாசித்தவள். எந்த இடம் என்று நீங்கள் எழுதவில்லை.

துரையின் மூன்று வருடம் ஆறாகியிருக்கிறது, ஆறு பத்தாகியிருக்கிறது. கன்று வேர்விட்டதும் வருகிறேன், முதல் காய் வெட்டியதும் வருகிறேன், களத்துக்குக் கூரை போட்டதும் வருகிறேன். அவர் என்னென்ன சொன்னார் என்று அவளுடைய கடிதங்களில் வரிசையாக இருக்கிறது. உங்களுடையதை நானும் எடுத்துப் பார்த்தேன். கிணறு வெட்டியதும், கூரை போட்டதும், மெஷின் வந்ததும். நூற்றிமுப்பது வருடத்தில் ஆண்பிள்ளைகள் புதிதாக ஒரு சாட்டுக் கண்டுபிடிக்கவில்லை.

துரை கப்பல் ஏறிய பிறகு ஹொனோராவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவர் கடைசிவரை முகம் பார்க்கவில்லை. கோழி முட்டையிடுகிறது, மழை விடவில்லை, பிள்ளைக்குப் பல் முளைத்தது, உங்கள் கம்பளிக் கோட்டை வெயிலில் போட்டு எடுத்தேன், இப்படியே எழுதுகிறாள். வாருங்கள் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. வாய் திறந்து கேட்டால் என்ன, குறைந்தா போய்விடுவாள் என்று ஹம்சாவிடம் சொன்னேன். அவள் தாளை மடித்து வைத்தாள்.

நேற்று இன்னொன்று கண்டோம். கட்டின் அடியில் பதினொரு கடிதங்கள் வேறாகக் கட்டிக் கிடந்தன. உறை பிரிக்கப்படவில்லை. மெழுகு அப்படியே இருக்கிறது. தபால் முத்திரைப்படி 1889க்குப் பிறகு வந்தவை. துரை அவற்றைத் திறக்கவே இல்லை. ஆனால் எறியவும் இல்லை, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று பத்மநாதன் மாஸ்டரின் கொப்பியில் இருக்கிறது. பங்களாவில் அப்போது ஒரு தமிழ்ப் பெண் வந்து இருந்தாளாம், மூன்று பிள்ளைகளாம். அவளுடைய பெயரைக் கொப்பியிலும் எழுதவில்லை. "துரையின் ஆள்" என்று மட்டும் இருக்கிறது.

தை மாதம் பங்களாவுக்குப் பால் காய்ச்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். நத்தார் விடுமுறையில் பாடசாலைகள் பூட்டு, மேரியம்மா மிச்ச இடங்களைப் பார்ப்பதாகச் சொன்னாள், நான் வரட்டுமா என்று போனில் கேட்டேன். மலேரியா, பாதை சரியில்லை, வீடு முழுதாய் முடிய ஆறுதலாக வரலாம் என்றீர்கள். குடிபுகும் வீட்டில் பால் காய்ச்சுவது வீட்டுக்காரி என்று நீங்கள் அறியாதவர் இல்லை. நான் அலுமாரியில் இருந்து மயில்கழுத்துப் பட்டுச் சேலையை எடுத்துக் காற்றாட விட்டிருந்தேன். திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கேஸ்வரி


ஹவுகன்ஸ்டுவா,
22.02.2004

அன்புள்ள ஹம்சா அப்பாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பதைக் கண்ணாலேயே கண்டுவிட்டதால் கேட்கவில்லை.

குடிபுகுந்த வீடியோவைப் பதினைந்து பிரதி அடித்து அனுப்பியிருந்தீர்கள். ஒஸ்லோச் சனம் பார்த்து உங்கள் தொழிற்சாலையில் பங்கு சேர வேண்டும் என்பது எண்ணம். சண்முகலிங்கம் அண்ணர் ட்வெய்ட்டாவில் உள்ள தமிழ்க் கடையில் கொடுத்தார், கடைக்காரர் சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தார். எனக்குக் கடைசியாகத்தான் கிடைத்தது. மூன்று மணித்தியாலப் படம். நீங்கள் முதல் அரை மணித்தியாலத்துக்கு மேல் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் கல்யாணக் கசெற்றையும் நீங்கள் முழுதாய்ப் பார்த்தது கிடையாது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாசலில் வாழை, நிறைகுடம், ஐயர். ஒலிபெருக்கியில் ஒருவர் உங்களை "ஒஸ்லோத் துரை" என்று கூப்பிட்டார், நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். இங்கே விறாந்தையில் விழுந்து விழுந்து மொப் பிடித்தபோது உங்களை ஒருவரும் துரை என்று கூப்பிடவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பிறகு பால் காய்ச்சினார்கள். பானையில் பால் விட்ட கை ஒரு பெண்ணின் கை. நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் நின்று அரிசி போட்டீர்கள். இருவரும் ஐயரின் முன்னால் ஒரே பாயில் இருந்தீர்கள்.

அந்த வீடியோக்காரப் பொடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவன் கல்யாண வீடும் குடிபுகலும் எடுக்கிறவன். பால் காய்ச்சுகிறவள் வீட்டுக்காரி என்று எடுத்துக்கொண்டான். யாரும் அவனுக்கு மாறிச் சொல்லவில்லை, சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதனால் கடைசியில் வழமைபோல உங்கள் இருவரின் முகத்தையும் வெட்டி ஒரு இதயத்துக்குள் வைத்து, சுற்றிவரப் பூப் பறக்கவிட்டு, ஒரு சினிமாப் பாட்டும் போட்டிருக்கிறான். ஹம்சா "அம்மா, நிப்பாட்டவோ?" என்று கேட்டாள். ஓடட்டும் என்றேன். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். மறைத்துவிட்டு அதைப் பதினைந்து வீட்டுக்கும் பரிமாறுகிறவரை இப்போதுதான் காண்கிறேன். அடுத்த நாள் வேலையில் மேரியம்மா என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறது.

இன்னொன்றும் கண்டேன். பால் காய்ச்சிய அந்தப் பெண் சேலைத் தலைப்பை நிமிடத்துக்கு ஒரு தரம் முன்னுக்கு இழுத்து விட்டாள். நான் இரண்டு பெற்றவள், எனக்கு விளங்கும். தையில் ஐந்து மாதம் இருக்கும் என்று நினைக்கிறேன். கிணற்றில் தண்ணீர் அள்ள விடாதீர்கள். மெஷினின் தும்புத் தூசு மூச்சுக்குக் கூடாது, அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லுங்கள். ஹம்சா வயிற்றில் இருந்தபோது நான் படியேறிப் படியேறி நாலு மாடி கழுவியது உங்களுக்கு மறந்திருக்கும்.

சண்டை பிடிப்பேன் என்று பயப்பட வேண்டாம். கத்த வேண்டும் போல இருந்தது. வானுக்குள் இருந்து ஒருநாள் கத்தியும் பார்த்தேன், மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் புகார் படிந்ததுதான் மிச்சம். உங்களில் எனக்கு ஆத்திரம் இருக்கிறது. அது ஆறுமென்று நான் சொல்லவில்லை, நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனித் துரையின் கதை. அந்தப் பதினொரு கடிதங்களையும் ஹம்சா சமையலறைக் கத்தியால் திறந்தாள். நூறு வருடத்துக்கு மேலாக மூடிக்கிடந்த தாள், மடிப்பில் உடைந்தது. ஏதாவது பெரிதாக எழுதியிருப்பாள், திட்டியிருப்பாள், சாபம் போட்டிருப்பாள் என்று இருவரும் எதிர்பார்த்தோம். பழைய மாதிரியே கோழியும் மழையும். மகளுக்குக் கல்யாணம் என்று ஒன்றில் இருக்கிறது, நாள் குறித்து எழுதியிருக்கிறாள். கடைசிக் கடிதம் நாலு வரி. இந்த வருடம் கிழங்கு நன்றாக விளைந்தது, எனக்குக் கண் மங்குகிறது, எழுதுவது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் ஒரு வரி போடுங்கள், நிறுத்திவிடுகிறேன். அவர் திறக்கவில்லை, ஒரு வரியும் போடவில்லை. நிறுத்தச் சொல்லவில்லையே என்று அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்திருப்பாள். அவள் ஏன் வாருங்கள் என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. உங்களுக்கு எழுதிய கடிதங்களின் நகலைப் பார்த்தேன். நானும் கேட்கவில்லை. டயர், தைலம், பனி.

துரை 1901இல் காய்ச்சலில் செத்தார். அடுத்த மாதமே கொழும்பில் இருந்து புதுத் துரை வந்தார். பங்களாவில் இருந்த பெண்ணையும் மூன்று பிள்ளைகளையும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி வெளியே விட்டதாகக் கொப்பியில் இருக்கிறது. அவளிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இதை ஜெனிதாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்னைவிட இது கூடுதலாகத் தேவைப்படும்.

மலருக்கான இரண்டு பக்கமும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட எல்லாம் இருக்கிறது. வந்த வருடம், நானூறு ஏக்கர், கயிற்றுக் களம், அறுபது பெண்கள். வாழ்த்துச் செய்தி எழுத மூன்று நாள் இருந்து பார்த்தேன், வரவில்லை. படமும் அனுப்பவில்லை. அங்கே வீடியோ பார்த்தவர்களுக்கு இந்தப் பொம்பிளை யார் என்று குழப்பமாகிவிடும்.

ஆனால் வரலாற்றின் கடைசியில் நீங்கள் கேட்காத ஒரு வரி சேர்த்திருக்கிறேன். "கோர்னீலியஸ் டெலனிக்கு அயர்லாந்தில் மனைவி இருந்தார். அவருடைய பெயர் ஹொனோரா." இவ்வளவுதான். அச்சகக்காரர் பக்கம் போதாது என்பார். ஏக்கரை வெட்டுங்கள், தென்னையை வெட்டுங்கள், கயிற்றுக் களத்தை வெட்டுங்கள். எனக்கு நீங்கள் இனிச் செய்ய ஒன்றும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிப் போடாதீர்கள்.

பிறக்கப் போகிற பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும். நீங்கள் நோயின்றி இருங்கள்.

இப்படிக்கு,
தங்கேஸ்வரி குகநேசன்